மேலே மூன்றே இடம்

ஜூலை 1, திங்கள்

எங்கள் இணைய மன்றத்தில் எந்த உரையாடல் இழையை நகராமல் மேலே பின் செய்து வைப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு இன்று முதல் இரண்டு மாதம் என்னுடையது. லோர்னா காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள்.

லோர்னா பிலிப்பைன்ஸ்காரி. கணவன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். கப்பலுக்குப் போனவர்களின் வீட்டு ஆட்களுக்காக ஒன்பது வருடம் முன்பு அவள் தனியாக ஆரம்பித்த இணைய மன்றம் இது. இன்று நாற்பத்து மூன்று நாடுகளிலிருந்து பதினோராயிரம் பேர். எழுதுகிற எதுவும் இரண்டு மணி நேரத்தில் கீழே போய்விடுகிறது. அசையாமல் மேலே நிற்பவை பின் செய்த மூன்று இழைகள் மட்டும். மூன்றுக்கு மேல் வைத்தால் போனில் முதல் பக்கம் முழுக்க அதுவே ஆகி, யாரும் எதையும் படிக்க மாட்டார்கள் என்பது லோர்னாவின் விதி.

இப்போது இருப்பவை: அவசரத்துக்கு எந்த நாட்டில் யாரை அழைப்பது என்ற விவரம். ஆள் எடுப்பதாகச் சொல்லி ஏமாற்றும் போலி ஏஜெண்டுகளின் பட்டியல். மூன்றாவது, கார்டெலியா ஸ்டார்.

கார்டெலியா ஸ்டார் தொடர்பு அறுந்து மூன்று வருடமும் ஐந்து மாதமும் ஆகிறது. என் கணவர் கிளாட்வின் அதில் செகண்ட் என்ஜினியராக இருக்கிறார்.

மூன்றும் சரியாகத்தான் இருக்கின்றன, மாற்ற ஒன்றுமில்லை என்று லோர்னாவுக்கு எழுதிவிட்டேன்.

பள்ளி அலுவலகத்தில் இன்று முப்பத்தெட்டு மாற்றுச் சான்றிதழ் எழுதினேன். கை வலி. வீட்டுக்கு வந்ததும் மாமி வழக்கம்போலக் கேட்டார்கள்.

“ஏ பிரிஜி, மேலதான நிக்கி?”

“நிக்கி மாமி.”

போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த இழையில் இருக்கும் மகன் போட்டோ மேலே தெரிந்தால் போதும்.

ஜூலை 3, புதன்

காற்று. துணி காயப்போட்ட கொடியே அறுந்து விழுந்தது. மன்றத்தில் ஒன்றும் விசேஷமில்லை.

ஜூலை 4, வியாழன்

திருகோணமலையிலிருந்து சுகந்தினி என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். உடைந்த ஆங்கிலம், நாலு வரி. கணவனின் கப்பல் அல்மேரா குயின் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நான்கு மாதமாக நங்கூரம் போட்டு நிற்கிறது. கம்பெனிக்காரர்கள் போனை எடுப்பதில்லை. தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. பதினான்கு பேர்.

காலை பதினொன்றுக்கு எழுதியது. மூன்று மணிக்கு நான் பார்க்கும்போது மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. அதற்கு மேலே, சிங்கப்பூரில் இறங்கினால் எந்த சிம் நல்லது என்று தொண்ணூற்றாறு பதில்கள். அவளுக்கு வந்திருந்தது ஒரே பதில். கும்பிடும் கை படம்.

என் போன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பி, தமிழிலேயே பேசலாம் என்று எழுதினேன்.

ஜூலை 5, வெள்ளி

மதிய இடைவேளையில் சுகந்தினி கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்கள் தமிழோ? பேரைப் பாத்து எனக்கு விளங்கேல்ல.”

“தூத்துக்குடிம்மா. சொல்லு, தண்ணி எவ்வளவு இருக்கு?”

“அவர் கப்பல்ல குசினியில சமையல் வேலை அக்கா. அவருக்குத்தான் கணக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு போத்தல் எண்டு அளந்து குடுக்கிறாராம். டீசல் இல்லாம ஜெனரேட்டரும் ரெண்டு மணித்தியாலம்தான் ஓடுதாம்.”

“இறங்கி வர முடியாதா?”

“விடமாட்டினமாம். ஆளில்லாம கப்பலை விட்டுட்டு வரேலாதாம். இவை ஒருவிதத்தில மறியல்ல, ஜெயில்ல இருக்கிற மாதிரித்தான் அக்கா.”

“வேற யார்ட்ட எல்லாம் கேட்ட?”

“கேக்காத ஆக்களே இல்ல. எல்லாரும் இன்னொரு ஆளின்ட நம்பரைத் தருகினம். அந்த ஆளிட்டக் கேட்டா, முதல் ஆளின்ட நம்பரைத் திரும்பத் தருகினம்.”

அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 6, சனி

முடிவு செய்துவிட்டேன். போலி ஏஜெண்டுகள் பட்டியலைக் கீழே இறக்கி, அல்மேரா குயினை மேலே போட்டேன். பட்டியல் எப்போதும் இருப்பதுதான், வேண்டியவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள். அவசர நம்பர்களில் கை வைக்க முடியாது.

தமிழ்ப் பெண் என்பதால் மேலே தூக்கிவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சுகந்தினியிடம் கேட்டு, பதினான்கு பேரின் பெயரையும் நாட்டையும் இழையின் முதல் வரியிலேயே போட வைத்தேன். ஐந்து நாட்டு ஆட்கள். அவளுடைய கணவன் நிரோஷனின் பெயர் பதினோராவது.

லோர்னா சரி என்றாள். மன்றத்தை எங்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும் மூன்றாவது ஆள் கேப்டன் க்வாபெனா. கானா நாட்டுக்காரர், கப்பலிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் பதில் போடவில்லை.

மாலையில் மாமியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்தார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

தப்பு செய்துவிட்டேன்.

இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் தம்பி நேற்றுத் தன் பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாவற்றையும் ஓர் ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். இன்று அந்த அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் பட்டியலில் அந்த ஏஜெண்டின் பெயர் இருபத்திரண்டாவதாக இருக்கிறது. “ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக்குள் வந்து எல்லாம் பார்த்தேன். எச்சரிக்கை எதுவும் கண்ணில் படவில்லையே” என்று கேட்டிருந்தாள்.

பட்டியலைத் திரும்ப மேலே வைத்தேன். அல்மேரா குயினை இறக்கினேன். அந்தப் பெண்ணுக்கு, நான்தான் அதை எடுத்தேன், தவறு என்னுடையது என்று எழுதினேன். அந்த நாட்டில் போலீஸில் எப்படிப் புகார் கொடுப்பது என்று லோர்னா அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று நாள் மேலே இருந்ததில் அல்மேரா குயினுக்கு இருபது பதில்தான் வந்திருந்தது. உபயோகமானது ஒன்றுமில்லை. ஆனால் வர ஆரம்பித்திருந்தது.

சாயங்காலம் கேப்டன் க்வாபெனாவின் செய்தி. “பிரிஜிட்டா, நாற்பது வருடம் கப்பலில் கிடந்தவன் நான். சுற்றி வளைக்கத் தெரியாது. மூன்றாவது இழையில் கடைசியாக வந்த புதுத் தகவல் எது, எப்போது வந்தது? அதை மட்டும் சொல்.”

ஜூலை 10, புதன்

கேப்டனுக்குப் பதில் எழுதவில்லை. மாமிக்குச் சொட்டு மருந்து போட மறந்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

வேறு வழி ஒன்று தோன்றியது. ஓர் இழையில் யாராவது புதிதாக எழுதினால் அது தானாகவே மேலே வரும். மணிக்கு ஒரு முறை சுகந்தினியின் இழையில் நானே ஏதாவது எழுதினால் போதும், பின் செய்ய வேண்டியதில்லை. பள்ளி அலுவலகத்திலிருந்தே ஐந்து முறை எழுதினேன். தலைமையாசிரியை சிஸ்டர் இரண்டு தடவை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்கள்.

மதியம்தான் நினைவு வந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினால் இழை மேலே ஏறாதபடி லோர்னா எப்போதோ மாற்றிவிட்டாள். நான் எழுதியதெல்லாம் ஆறாம் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

சுகந்தினி கூப்பிட்டாள்.

“அக்கா, ஒராளுக்குக் காய்ச்சல். துருப்பிடிச்ச டாங்கித் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கினமாம். பின் எண்டு ஏதோ போட்டீங்களே, அது ஏன் இப்ப இல்ல?”

“இடம் இல்லம்மா.”

“மூண்டு இருக்குத்தானே?”

“மூணும் நெறஞ்சு இருக்கு.”

“ஓம் அக்கா, நான் பாத்தனான்” என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கார்டெலியா ஸ்டார் இழையில் என் பெயரைப் பார்த்திருப்பாள்.

ஜூலை 12, வெள்ளி

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, வீட்டில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து கார்டெலியா ஸ்டார் இழையை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள்.

பத்தொன்பது பேர். இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயல். கடைசியாக இருந்த இடத்தைச் சொன்ன செய்தி. பதினோரு நாள் தேடினார்கள். இருபத்தாறாம் நாள், ஒரு மீன்பிடிக் கப்பல் காலியான உயிர்காப்புப் படகு ஒன்றைப் பார்த்தது. அது அறுபத்தோராவது பதில். அதோடு தகவல் முடிந்துவிட்டது. பிறகு வந்த முந்நூற்று ஐம்பத்தொன்றும் ஜெபம், மெழுகுவர்த்திப் படம், பிறந்தநாள் வாழ்த்து, ‘நம்பிக்கையோடு இருங்கள்’. அவற்றில் நூற்று நாற்பது நான் எழுதியவை. எண்ணினேன்.

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். வரிசையாகப் படித்ததில்லை.

கேப்டனுக்குப் பதில் எழுதினேன். “பதில் எண் 61. மூன்று வருடம் நான்கு மாதம் முன்பு.”

பத்தே முக்காலுக்கு கார்டெலியா ஸ்டாரின் பின்னை எடுத்தேன். அல்மேரா குயினைப் போட்டேன். எங்கள் இழையில் மற்ற பதினெட்டு வீடுகளுக்கும் எழுதினேன்: “இந்த இடம் இப்போது பதினான்கு பேருக்குத் தேவைப்படுகிறது. முடிவு எடுத்தது நான். இழை அழியாது, யாரும் எப்போதும் எழுதலாம்.”

 

கார்டெலியா ஸ்டாரின் தேர்டு ஆபீசருடைய அம்மா அரை மணி நேரத்தில் பதில் போட்டாள். “உன் கணவனை நீ இறக்கிக்கொள். என் மகனை இறக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?”

நீளமாக ஒரு பதில் எழுதி, அழித்துவிட்டேன். “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் அனுப்பினேன். பின்னை மாற்றவில்லை.

ஜூலை 13, சனி

“மேலதான நிக்கி?”

“நிக்கி மாமி.” போனைக் கொடுக்கவில்லை, சார்ஜ் இல்லை என்றேன்.

ஜூலை 15, திங்கள்

அல்மேரா குயினுக்கு இருநூற்று எழுபது பதில்கள். படித்து முடிக்கவே காலை போய்விட்டது.

பாதி ஜெபம்தான். ஆனால் ஜார்ஜியாவிலிருந்து நினோ என்று ஒருத்தி, போன வருடம் இதே நிலையில் தன் கணவனை மீட்டிருக்கிறாள். எந்த அலுவலகத்துக்கு எந்த வார்த்தையில் எழுத வேண்டும், ‘உதவி’ என்று கேட்காமல் ‘கைவிடப்பட்ட கப்பல்’ என்று ஏன் எழுத வேண்டும், கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டுக்கும் ஏன் அனுப்ப வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லியிருந்தாள். தன் கடிதத்தையும் அப்படியே போட்டிருந்தாள். இன்னொருவர் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் அண்ணன். தம்பியிடம் சொல்லி, கரையிலிருந்து கப்பலைப் போட்டோ எடுத்து அனுப்ப வைத்தார். பக்கவாட்டில் பெயர் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் கம்பியில் யாரோ ஒரு சாரத்தை, கட்டம் போட்ட லுங்கியை, காயப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் போட்டோவை சுகந்தினிக்கு அனுப்பினேன். “அது அவரின்ட சாரம்தான் அக்கா” என்றாள். இன்றுதான் முதல்முறை அழுதாள்.

நினோவின் கடிதத்தில் பெயர்களை மாற்றி, நானும் கேப்டனும் எட்டு இடங்களுக்கு அனுப்பினோம். கப்பல் தொழிலாளர் சங்கத்தின் இன்ஸ்பெக்டர் ஒருவர் கேப்டனுக்குத் தெரிந்தவராம். நேரில் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 17, புதன்

தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது! காலை ஒன்பது மணிக்குப் படகில் வந்து தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். அரிசி, காய்கறி, மருந்தும் கொடுத்தார்களாம். நிரோஷன் அனுப்பிய வீடியோவில் ஒருவன் குழாய்க்கடியில் சட்டையோடு நின்று சிரிக்கிறான். பள்ளியில் சிஸ்டரிடம் காட்டினேன். சிஸ்டர் இரண்டு தடவை பார்த்தார்கள். இந்தத் தடவை வீடியோவை.

ஜூலை 18, வியாழன்

இனிமேலும் பொய் சொல்ல முடியாது. மாமி மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மாமி, அந்த போட்டோ இப்ப மேல இல்ல.”

“நிக்கின்னுல்லா சொன்ன?”

“பொய் சொன்னேன். வெள்ளிக்கெழமையே எடுத்தாச்சு.”

“யாரு எடுத்தா? அந்த பிலிப்பைன்காரியா?”

“நாந்தான்.”

மாமி அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் கிடந்த பதினான்கு பேரைப் பற்றிச் சொன்னேன், தண்ணீரை அளந்து கொடுத்த சமையல்காரனைப் பற்றியும் காய்ச்சல்காரனைப் பற்றியும் சொன்னேன்.

“நான் அதக் கேக்கல” என்றார்கள். “மூணு வருசமா, கடல்ல இல்லாட்டியும் அந்த போனுலயாவது ஒரு எடத்துல நிக்கானேன்னு இருந்தேன் பிரிஜி. அதுலயும் எறக்கிட்ட.”

மீனைக் கழுவி, குழம்பு வைத்து, எனக்கு எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்கள். மதியம் இரண்டு மணி.

ஜூலை 20, சனி

மாமி பேசவில்லை. சொட்டு மருந்துக்கு மட்டும் முகத்தை நிமிர்த்திக் காட்டுகிறார்கள்.

ஜூலை 22, திங்கள்

காய்ச்சல்காரனைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் கப்பலுக்குள் போய் எல்லோரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறார். ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு விட துறைமுகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த இந்தோனேசியப் பெண்ணின் தம்பிக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்துவிட்டது; சான்றிதழ்கள் இன்னும் இல்லை. தினமும் அவளுக்கு இரண்டு வரி எழுதுகிறேன்.

மாமி பேசவில்லை. கார்டெலியா ஸ்டாரைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று லோர்னா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயில் கொடியேற்றம். மாமி என்னைக் கூப்பிடாமல் பக்கத்து வீட்டு ஃபிலோவோடு போய்விட்டார்கள். நான் பின்னாலேயே போய்க் கூட்டத்தில் தள்ளி நின்றேன். கொடி ஏறும்போது மாமி அண்ணாந்து பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார்கள். எட்டு நாளைக்குப் பிறகு.

“அந்தப் பதினாலு பேரு என்ன ஆனாவ?”

“ஒன்பது பேரு கரைக்கு வந்துட்டாவ மாமி.”

“சமையக்காரன்?”

“இன்னும் கப்பல்லதான்.”

“அவன் கடைசிலதான் வருவான். மத்தவனுக்கெல்லாம் ஆக்கிப் போடணும்லா” என்றார்கள். “ஒனக்கு சோறு வைக்கட்டா?”

ஆகஸ்ட் 1, வியாழன்

சுகந்தினியின் வீட்டிலிருந்து போன். பின்னால் ஒரே ஆட்கள் சத்தம்.

“அக்கா, இருங்க, அவரிட்டக் குடுக்கிறன்.”

“அக்கா, நான் நிரோஷன்.”

 கப்பலிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்ட கணவனின் குரல் அது. எனக்கு அப்படி ஒரு போன் வரவில்லை, ஆனாலும் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“வந்ததும் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். 

“சாப்பாடோ? முதல்ல கிணத்தடிக்குப் போனனான் அக்கா. நாலு செம்புத் தண்ணி. பிறகுதான் மற்றதெல்லாம்.”

கிளாட்வின் போனில் ஹலோ சொன்னதே கிடையாது. ஒரு செருமல், அவ்வளவுதான். எனக்கு அந்தச் செருமல் பிடித்திருந்தது.

பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருநாள், ஊர் விடுமுறை. மாமியும் நானும் சேர்ந்தே போனோம். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று என்று பூசைக்குப் பெயர் எழுதும் இடத்தில் மாமி சிறிது நேரம் நின்றார்கள். பிறகு எழுதச் சொல்லாமலே வந்துவிட்டார்கள். 

ஆகஸ்ட் 7, புதன்

சுகந்தினி காலையில் எழுதியிருந்தாள். “அக்கா, எங்கட ஆக்கள் எல்லாரும் வீட்ட வந்திட்டினம். எங்கட இழையைக் கீழ இறக்கி விடுங்கோ. வேற ஆருக்கும் தேவைப்படும்.”

இறக்கினேன். மேலே ஓர் இடம் காலி.

லோர்னா உடனே செய்தி போட்டாள். கார்டெலியா ஸ்டாரைத் திரும்ப வைத்துவிடு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நானும் கேப்டனும் பேசிவிட்டோம் என்று. நல்ல மனசு. அது வந்த அதே நேரத்தில் இரண்டாம் பக்கத்தில் இன்னோர் இழை இறங்கிக்கொண்டிருந்தது. மியான்மரிலிருந்து ஒருத்தி: அண்ணன் இருக்கும் இழுவைக் கப்பல், துறைமுகத்துக்குள்ளேயே தடுத்து வைக்கப்பட்டு நாற்பது நாள்.

மாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

“மாமி, மேல ஒரு எடம் காலியா இருக்கு.”

“மொத்தம் மூணுதான?”

“மூணுதான். அவிய போட்டோவத் திரும்பப் போடலாம்னு லோர்னா சொல்லுதா. ஒங்களக் கேக்காம நான் இப்ப ஒண்ணும் செய்யல.”

கீரையிலேயே கண். “இல்லன்னா வேற எதப் போடுவ?”

மியான்மர்காரியின் இழையை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இரண்டு கொத்து ஆய்ந்தார்கள்.

“அந்தக் கப்பல்ல ஆளு இருக்காவளா?”

“எட்டுப் பேரு.”

“உசிரோடயா?”

“உசிரோடதான் மாமி.”

கையில் இருந்த காம்பைத் தட்டில் போட்டார்கள். அடுத்ததை எடுக்கவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து, ஃபிலோ குடத்தோடு ஓடுவது கேட்டது.

“அப்ப அதப் போடு” என்றார்கள்.

போட்டேன். ஏழு ஐம்பது.

“அந்த எட்டுப் பேரோட பேரும் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“படி. மெதுவாப் படி, ஜெபத்துல சொல்ல எனக்கு வாயில வரணும்.”

ஒவ்வொரு பெயராகப் படித்தேன். மாமி ஒவ்வொன்றையும் தன் வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொன்னார்கள்.